அன்றிரவு யார் சோறு போட்டது?

நம் சிறுகதைகளில் அடி வாங்கும் பிள்ளைகளுக்குப் பாட்டி இருப்பதில்லை. பக்கத்து வீடும் இருப்பதில்லை. குடிகார அப்பா இருப்பார், பேசாத அம்மா இருப்பார், மேலே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். பையன் அதைப் பார்த்தபடி படுத்திருப்பான். அடுத்த பத்தியில் அவனுக்கு முப்பது வயதாகிவிடும். கோலாலம்பூரில் வேலை, காதலியோடு சண்டை. கடைசியில் அப்பாவின் சாவு வீட்டில் அழுகை வராமல் நிற்பான். கதை முடிந்துவிடும்.

நண்பர்களோடு நடத்தும் ஒரு சின்ன வாசிப்புக் குழுவுக்காகக் கடந்த இரண்டு வருடங்களில் இப்படிப்பட்ட கதைகளைப் பத்துப் பன்னிரண்டாவது படித்திருப்பேன். மோசமான கதைகள் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் அந்த அடி விழும் காட்சி அவ்வளவு துல்லியமாக இருக்கும். பெல்ட்டின் பக்கிள் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் எல்லாவற்றையும் படித்து முடித்ததும் எனக்குள் ஒரே கேள்விதான் வரும். எட்டு வயசுக்கும் முப்பது வயசுக்கும் நடுவுல இருக்கிற இருபத்திரண்டு வருஷத்தை இவன் எப்படித் தாண்டினான்?

அதில் ஒரு கதையை எழுதிய நண்பனிடம் நேராகவே கேட்டேன். கதை அவனுடைய சொந்தக் கதை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். "அப்பா அடிச்சிட்டு கதவ சாத்திட்டாருன்னு எழுதியிருக்க. அன்னிக்கு ராத்திரி உனக்கு யாருடா சோறு போட்டது?" அவன் யோசிக்கக்கூட இல்லை. "எதிர் வீட்டு மக்சிக். எப்பவும் அவங்க வீட்டுலதான் சாப்பிடுவேன். அங்கேயே படுத்துத் தூங்கியிருக்கேன்." அப்புறம் ஏன் அந்த மக்சிக் கதையில் இல்லை? "அவங்கள கொண்டுவந்தா கதையோட கனம் கொறஞ்சிடும் ப்ரோ."

இந்தப் பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேதனைக்குக் கனம் வேண்டுமென்றால் பிள்ளை தனியாக இருக்க வேண்டும் என்று நாம் எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் அவன் தனியாக இருக்கவில்லை. உண்மையிலேயே தனியாக இருந்த பல பிள்ளைகள் பின்னாளில் உட்கார்ந்து கதை எழுதும் நிலையில் இல்லை.

என் படிப்பு இயந்திரப் பொறியியல். 'ரெசிலியன்ஸ்' என்ற சொல்லை முதலில் கேட்டது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில், இரண்டாம் ஆண்டு பொருள் வலிமைப் பாடத்தில். ஒரு உலோகக் கம்பியை இழுக்கிறோம். குறிப்பிட்ட எல்லை வரைக்கும் அது ஆற்றலை உள்வாங்கிக்கொள்ளும், பாரத்தை எடுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். அந்த எல்லைக்குள் எவ்வளவு ஆற்றலை வாங்கித் திருப்பிக் கொடுக்க முடிகிறதோ, அதுதான் ரெசிலியன்ஸ். எல்லையைத் தாண்டிவிட்டால் நிரந்தரமாக வளைந்துவிடும். இது முழுக்க முழுக்க அந்த உலோகத்தின் குணம். பக்கத்தில் இன்னொரு கம்பி இருக்கிறதா என்பது கணக்கிலேயே வராது.

இந்தச் சொல்லை உளவியல் எடுத்துக்கொண்டது. தமிழில் 'மீள்திறன்' என்கிறார்கள். வேலையிடத்து மனநலப் பட்டறைகளில், தன்முனைப்புப் பேச்சுகளில் இப்போது எங்கும் இந்தச் சொல்தான். ஆனால் சொல்லோடு சேர்ந்து உலோகமும் வந்துவிட்டது. சிலர் எஃகு, சிலர் ஈயம். நீ எழுந்து வந்தாய் என்றால் உனக்குள்ளே ஏதோ இருந்தது. வரவில்லை என்றால் இல்லை. சிறுகதையில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருக்கும் பையன் இந்த எஃகுக் கற்பனையில் பிறந்தவன்தான்.

இந்தத் துறையின் மிகப் பழைய, மிக நீண்ட ஆய்வுகளில் ஒன்று இதற்கு நேர் எதிரான இடத்தில் போய் நிற்கிறது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்று ஒரு தீவு. கரும்புத் தோட்டங்களின் தீவு. ஜப்பான், பிலிப்பீன்ஸ் ஆகிய இடங்களிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே நிறைய. கித்தாத் தோட்டத்தைத் தாத்தா பாட்டி வழியாகத் தெரிந்த எனக்கு அந்த ஊரைக் கற்பனை செய்ய அதிக சிரமம் இருக்கவில்லை. 1955-ஆம் ஆண்டு அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். 1, 2, 10, 18, 32, 40 வயதுகளில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள்.

அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு ஆரம்பமே சரியில்லை. வறுமை, பிறப்பின்போது சிக்கல், குடிக்கும் பெற்றோர், மனநோய் உள்ள பெற்றோர், ஓயாத சண்டை என்று இரண்டு வயதுக்குள் நான்கு பாதகங்களாவது சேர்ந்துவிட்ட பிள்ளைகள். இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்து வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ, அல்லது பதினெட்டு வயதுக்குள் மனநலத்திலோ சட்டத்தோடோ பிரச்சினைக்கு உள்ளானார்கள். மிச்சம் இருந்த ஒரு பங்கு, சரியாகச் சொன்னால் 72 பேர், தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ள இளைஞர்களாக வளர்ந்து நின்றார்கள்.

இந்த 72 பேரிடம் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. பிறவிச் சுபாவத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பதை வெர்னர் மறைக்கவில்லை. எளிதில் பழகும், பிறர் தூக்கிக் கொஞ்ச ஆசைப்படும் குழந்தைகளாகப் பலர் இருந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு அடுத்து வருவதெல்லாம் வெளியில் இருப்பவை. பெற்றோர் கைவிட்ட இடத்தில் ஒரு தாத்தாவோ பாட்டியோ அக்காவோ இருந்தார். ஒரு ஆசிரியர், ஒரு பக்கத்து வீட்டுக்காரர், கோயிலிலோ சங்கத்திலோ தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். இன்னொன்றும் இருந்தது, எனக்கு அதுதான் ஆச்சரியம்: பல பிள்ளைகளின் கையில் ஒரு பொறுப்பு இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மாதிரி, அவர்கள் இல்லாவிட்டால் நடக்காத ஏதோ ஒரு வேலை.

வெர்னரும் ரூத் ஸ்மித்தும் 1982-இல் எழுதிய நூலின் தலைப்பைத் தமிழில் 'காயப்படக்கூடியவர்கள், ஆனாலும் வெல்லப்பட முடியாதவர்கள்' என்று சொல்லலாம். சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது. 1992-இல் வந்த அடுத்த நூலில் அது 'தடைகளைக் கடத்தல்' என்று அடங்கியது. 2001-இல் வந்ததில் 'குழந்தைப் பருவத்திலிருந்து நடுவயது வரையிலான பயணங்கள்' என்று வெறும் பயணமாகிவிட்டது. பிள்ளைகள் வளர வளர ஆய்வாளர்களின் சொற்களிலிருந்து வீரம் உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு எழுத்தாளருக்கு இந்த மூன்று தலைப்புகளும் வரிசையாகத் தெரிந்திருந்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாக்சிம் கார்க்கியின் 'எனது குழந்தைப் பருவம்' நூலைத் திரும்ப எடுத்தேன். கார்க்கி என்றால் நமக்குத் 'தாய்' நாவல்தான். தொழிற்சங்கம், செங்கொடி, மே தினம். என் வீட்டில் இருந்த பிரதியும் மாமா ஒருவர் தொழிற்சங்கக் காலத்தில் வாங்கி வைத்ததுதான். ஆனால் 1913, 1914-இல் வெளிவந்த இந்தத் தன்வரலாறும் அதைத் தொடர்ந்து வந்த 'யான் பெற்ற பயிற்சிகள்', 'யான் பயின்ற பல்கலைக் கழகங்கள்' என்ற இரு பாகங்களும் வேறு ஜாதி எழுத்து. அடிபட்ட பிள்ளை எப்படி உயிர் தப்புகிறான் என்பதை இவ்வளவு விவரமாக எழுதிய இன்னொரு புத்தகம் எனக்குத் தெரியாது.

புத்தகம் அப்பாவின் பிணத்தோடு தொடங்குகிறது. 1871-இல் அஸ்திரகானில் காலராவில் அப்பா இறக்கும்போது அலெக்ஸிக்கு வயது மூன்று. குழிக்குள் தவளைகள் இருக்கின்றன. மண்ணைப் போட்டு மூடும்போது அந்தத் தவளைகள் என்னாகும் என்பதுதான் அவன் கவலை. இந்தக் காட்சியை எல்லாரும் சொல்வார்கள். அதே பக்கங்களில் நடக்கும் இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: அந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு ஒரு ஆள் இருக்கிறார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குண்டுப் பாட்டி நிற்கிறார். அப்போதுதான் அவன் வாழ்க்கைக்குள் வந்தவர்.

பிறகு தாத்தாவின் வீடு. நிஷ்னி நோவ்கரதில் சாயப்பட்டறை நடத்தும் காஷிரின் குடும்பம். சொத்துக்காக மாமாக்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். தாத்தா சனிக்கிழமைதோறும் பேரப்பிள்ளைகளைப் பிரம்பால் விளாசுகிறார். வெள்ளை மேசைவிரிப்பைச் சாயத்தில் தோய்த்ததற்காக அலெக்ஸி மயக்கம் போடும் வரைக்கும் அடிபடுகிறான், பல நாள் படுக்கையில் கிடக்கிறான்.

நம் கதைகள் இங்கே முடிந்துவிடும். கார்க்கிக்கு இங்கேதான் புத்தகம் சூடு பிடிக்கிறது. படுக்கையில் கிடக்கும் பையனைப் பார்க்க யார் யார் வருகிறார்கள் பாருங்கள். முதலில் அடித்த தாத்தாவே வருகிறார், தின்பண்டங்களோடு. பக்கத்தில் உட்கார்ந்து, தான் இளைஞனாக வோல்கா நதிக்கரையில் கயிறு கட்டிப் படகு இழுத்த கதையைச் சொல்கிறார். அவரும் அடிபட்டே வளர்ந்தவர் என்று தெரிகிறது. கார்க்கி அவரை மன்னிக்கவில்லை. ஆனால் அவர் நல்ல கதைசொல்லி என்பதை மறைக்கவும் இல்லை. அப்புறம் சிகானோக் வருகிறான், பட்டறையில் வேலை செய்யும் வாலிபன். பிறந்தவுடனே வாசலில் கைவிடப்பட்டு, பாட்டி எடுத்து வளர்த்த அனாதை. சட்டைக் கையை மடக்கிக் காட்டுகிறான், முழுக்க வரிவரியாக வீக்கம். அடி விழும்போது பிரம்பு ஒடியட்டும் என்று தன் கையை நடுவில் நீட்டியிருக்கிறான்.

அதற்குப் பிறகு அவன் செய்வதுதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. அடி வாங்குவது எப்படி என்று பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். உடம்பை இறுக்காதே, தளர விடு, மூச்சைப் பிடிக்காதே, வாய்விட்டுக் கத்து. பொருளியல் வகுப்பில் நாங்கள் படித்ததும் இதுதான்: கெட்டியாக நிற்பது பட்டென்று உடையும், நெகிழ்வது தாங்கும். ஆனால் அலெக்ஸிக்கு நெகிழ்வு உடம்பிலேயே இருந்த குணம் இல்லை. இன்னொருவன் தன் தோலில் கற்றதை அவனுக்குக் கைமாற்றுகிறான். உலோகம் இன்னொரு உலோகத்துக்குச் சொல்லிக் கொடுக்குமா?

பாட்டியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அகுலினா இவானவ்னா. சமையலறையில் ஆடுகிறார், வோட்கா குடிக்கிறார், மூக்குப்பொடி போடுகிறார், கடவுளிடம் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலக் குடும்ப விவகாரமெல்லாம் பேசுகிறார். தாத்தாவின் கடவுள் தண்டிக்கிறவர், பாட்டியின் கடவுள் வேறு ஒருவர் என்று சின்னப் பையன் தனக்குள்ளேயே பிரித்துக்கொள்கிறான். இரவில் அவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கதை சொல்கிறார். பட்டறை தீப்பிடித்தபோது உள்ளே ஓடி, வெடிக்கக்கூடிய அமிலக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறவரும் இவர்தான்.

ஆனால் இந்தப் பாட்டியால் அவனை அடியிலிருந்து காப்பாற்ற முடியவில்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். அவரே அடிபடுகிறவர். ஒருமுறை தாத்தா அடித்ததில் கொண்டை ஊசி மண்டைத் தோலுக்குள் ஏறிவிடுகிறது. பேரன் கூந்தலைப் பிரித்து அந்த ஊசியை இழுத்து எடுக்கிறான், அடியில் இன்னொன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்கிறார் பாட்டி. அவன் போய்த் தாத்தாவின் புனிதர்கள் படத்தை எடுத்துத் தலை தலையாகக் கத்தரிக்கிறான்.

இங்கே ஆய்வுகளின் மொழி கொஞ்சம் தடுமாறுகிறது என்று நினைக்கிறேன். 2019-இல் கிறிஸ்டினா பெத்தலும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. அதற்கு முன்பு 1998-இல் ஃபெலிட்டியும் ஆண்டாவும் சிறுவயதுப் பாதகங்களை எண்ணிக் காட்டியிருந்தார்கள். எண்ணிக்கை கூடக்கூடப் பெரியவரான பிறகு மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, குடி, இதயநோய் எல்லாம் படிப்படியாகக் கூடியது. பெத்தல் குழு திருப்பிப் போட்டது. சிறுவயதில் கிடைத்த நல்லவற்றை எண்ணிப் பார்ப்போம் என்றது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 6,188 பெரியவர்களிடம் ஏழு கேள்விகள். மனதில் உள்ளதைக் குடும்பத்தில் பேச முடிந்ததா? கஷ்டகாலத்தில் குடும்பம் கூட நின்றதா? ஊர்ச் சடங்குகளிலும் கொண்டாட்டங்களிலும் மகிழ்ச்சியாகக் கலந்துகொண்டீர்களா? பள்ளியில் நீங்களும் ஒருவர் என்று உணர்ந்தீர்களா? நண்பர்கள் துணை இருந்ததா? பெற்றோர் அல்லாத இரண்டு பெரியவர்களாவது உங்கள்மேல் உண்மையான அக்கறை காட்டினார்களா? வீட்டில் ஒரு பெரியவரிடம் பாதுகாப்பாக உணர்ந்தீர்களா?

ஆறு ஏழு கேள்விகளுக்கு ஆம் என்றவர்களுக்கு, இரண்டு அல்லது அதற்கும் குறைவாக ஆம் என்றவர்களைவிட மனச்சோர்வோ மோசமான மனநலமோ இருப்பதற்கான சாத்தியம் 72 சதவீதம் குறைவாக இருந்தது. பாதகங்கள் நிறைய அனுபவித்தவர்களிடமும் இந்தத் தொடர்பு மறையவில்லை. பெரியவர்கள் பழசை நினைத்துச் சொன்ன பதில்கள்தான், காரண காரியத்தை இது நிரூபிக்காது. சோர்ந்திருப்பவருக்குப் பால்யமும் இருட்டாகத்தான் ஞாபகம் வரும். இருந்தாலும் கேள்விகளைப் பாருங்கள். ஏழில் ஒன்றுகூட 'நீ தைரியசாலியா' என்று கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஏழு கேள்விகளை வைத்து அலெக்ஸிக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். இஞ்சினியர் புத்தி. ஏழாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். பாட்டியிடம் அவன் பாதுகாப்பாக உணர்ந்தானா? அடி விழுவதை அவரால் நிறுத்த முடியவில்லை, அதனால் இல்லை. இரவில் அவர் பக்கத்தில் படுத்துக் கதை கேட்கும்போது? ஆம். இரண்டு விடையும் சரி. கட்டத்தில் ஒரு டிக் மட்டும்தான் போட முடியும். இந்த இடத்தில் புத்தகம் ஆய்வைவிடக் கூடுதலாகத் தெரிந்து வைத்திருக்கிறது. அடியைத் தடுப்பது ஒரு பாதுகாப்பு. விழுந்த அடி அநியாயம் என்று பக்கத்தில் ஒருவருக்குத் தெரிந்திருப்பது இன்னொரு பாதுகாப்பு. பாட்டி இரண்டாவதைத்தான் கொடுத்தார்.

ஆறாவது கேள்வி, பெற்றோர் அல்லாத இரண்டு பெரியவர்கள், அதற்குக் கார்க்கி அள்ளிக் கொடுக்கிறார். சிகானோக் இருந்தான், கல்லறைக்குச் சிலுவை சுமந்து போனபோது மாமாக்கள் கைவிட்டதில் அதன் அடியில் நசுங்கிச் சாகிறான். 'நல்ல விஷயம்' என்று அடிக்கடி சொல்வதால் அதையே பெயராக வாங்கிய ஒரு குடித்தனக்காரர் வருகிறார். அறை முழுக்கப் புட்டிகளும் உலோகத் துண்டுகளும், ஏதோ ரசாயனம் செய்துகொண்டிருப்பவர். பாட்டி சொன்ன கதையைக் கேட்டு உருகிப்போய், இதை எழுதி வைக்க வேண்டும் என்று தவிக்கிறவர் அவர்தான். அவரையும் வீட்டைவிட்டுத் துரத்திவிடுகிறார்கள். அம்மா இறந்ததும் தாத்தா பதினோரு வயதுப் பேரனை வெளியே போய்ப் பிழைத்துக்கொள் என்று அனுப்பிவிடுகிறார். இரண்டாம் பாகத்தில் நீராவிக் கப்பலில் தட்டுக் கழுவும்போது சமையல்காரர் ஸ்மூரி அவனிடம் புத்தகத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறார். ஒவ்வொருவரும் கொஞ்ச காலம்தான். ஒருவர் போனால் இன்னொருவர் வருகிறார். அந்த இரண்டு பேர் எப்போதும் ஒரே இரண்டு பேராக இருந்ததில்லை.

இத்தோடு நிறுத்தினால் இது அழகான கட்டுரையாகிவிடும். பாட்டி காப்பாற்றினார், பையன் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளன் ஆனான், சுபம். தன்முனைப்புப் பேச்சாளர்கள் இத்தோடுதான் நிறுத்துவார்கள். ஆனால் மூன்றாம் பாகம் என்று ஒன்று இருக்கிறது.

1887. பத்தொன்பது வயது அலெக்ஸி கசானில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறான். பல்கலைக்கழகத்தில் சேரும் கனவோடு வந்தவன், அது நடக்கவில்லை. பாட்டி இறந்துவிட்டார் என்று கடிதம் வருகிறது, புதைத்து ஏழு வாரம் ஆன பிறகு. பிச்சை கேட்கப் போன இடத்தில் கோயில் படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு, கால் அழுகிச் செத்துப்போயிருக்கிறார். அலெக்ஸி அழவில்லை. யாரிடமாவது பாட்டியைப் பற்றிப் பேச வேண்டும்போல இருக்கிறது, பேச ஆளில்லை. மகன் இறந்த துக்கத்தை யாரும் கேட்காததால் தன் குதிரையிடம் சொல்லும் வண்டிக்காரனைப் பற்றிச் செகாவ் எழுதிய கதையைப் பல வருடம் கழித்துப் படிக்கும்போது கார்க்கிக்கு இந்த நாட்கள் ஞாபகம் வருகின்றன. தன்னிடம் குதிரையும் இல்லை, நாயும் இல்லை என்கிறார். ரொட்டிக் கடையில் எலிகள் நிறைய இருந்தன, அவற்றோடு நல்ல சிநேகம்தான், அவற்றிடமாவது சொல்லலாம் என்று அப்போது தோன்றவில்லையே என்று வருந்துகிறார்.

அந்த டிசம்பரில் அவர் துப்பாக்கியால் தன் மார்பில் சுட்டுக்கொண்டார். குண்டு இதயத்துக்குத் தப்பி நுரையீரலில் பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார்.

முதல் கேள்வி என்ன? மனதில் உள்ளதைப் பேச முடிந்ததா. பால்யத்தில் ஆம் என்று டிக் போட்ட அதே பையன், பத்தொன்பது வயதில் எலியைத் தேட வேண்டியிருக்கிறது. பால்யத்தில் கிடைத்த அன்பைத் தடுப்பூசி மாதிரி நினைத்துக்கொள்கிறோம், ஒருதடவை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்று. கார்க்கியைப் படித்தால் அது சாப்பாடு மாதிரி தெரிகிறது. நேற்றுச் சாப்பிட்டதற்காக இன்று பசிக்காமல் இருக்காது.

மூன்றாம் பாகத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. எலியைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எழுதியவர், சுட்டுக்கொண்டதைச் சில வரிகளில் கடந்துவிடுகிறார். ஏற்கெனவே அதைத் தனிக் கதையாக எழுதிவிட்டேன், சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டு நகர்கிறார். கூச்சம் தெரிகிறது. தேவாலயத் தரப்பு அப்போது அவரைச் சில ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது. சாக முயன்றவனைத் தண்டிப்பது நமக்கும் புதிதில்லை. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020-இலும் மலேசியாவில் 2023-இலும்தான் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

கார்க்கியை மறுபடி நிமிர வைத்தவர் ரோமாஸ் என்ற ஆள். சைபீரியாவில் நாடு கடத்தல் தண்டனை அனுபவித்துத் திரும்பியவர். வோல்கா கரையில் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். வா, கடையில் எனக்கு ஒத்தாசையாக இரு, என்னிடம் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன, படி என்று கூட்டிப்போகிறார். அறிவுரையெல்லாம் இல்லை. ஒரு வேலை, ஒரு அறை, சில புத்தகங்கள். கவாய் ஆய்வின் பிற்பகுதியும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. இளம்வயதில் தடுமாறிய அந்த மூன்றில் இரண்டு பங்கில் பெரும்பாலானோர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிலைப்பட்டிருந்தார்கள். அவர்களைத் திருப்பியவை சமூகக் கல்லூரிப் படிப்பு, ராணுவ வேலை, நிதானமான ஒரு துணையோடு திருமணம், ஒரு வழிபாட்டுக் குழு, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பிய ஒரு நோய். பதினெட்டில் மூடிய கணக்கு இல்லை அது.

நம் ஊர்ப் புனைவில் இதற்கு இணையாக எனக்குத் தோன்றுவது கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதி 1981-இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்'. பீடோங்கில் வளரும் ரவிக்கும் ஒரு பாட்டி உண்டு, பெரியாத்தா. அவனுக்கு ஆங்கிலப் பள்ளியில் மிஸ் நான்சி என்ற ஆசிரியை கிடைக்கிறார். வேறொரு உலகத்தின் கதவைத் திறந்துவிடுகிறார். ஆறாவது கேள்விக்கு அழகான விடை. ஆனால் மணியம் அதற்கு ஒரு விலையும் போட்டுக் காட்டுகிறார். அந்தக் கதவு வழியாகப் போகிறவன் வீட்டின் மொழியிலிருந்தும் அப்பாவிடமிருந்தும் விலகிப் போகிறான். கடைசியில் அப்பா தான் கட்டிய வீட்டோடு எரிந்துபோகிறார், படித்த மகனால் எதுவும் செய்ய முடியவில்லை. ரோமாஸின் கடைக்கும் மிஸ் நான்சியின் வகுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கேள்வித்தாளும் பிடிக்காது. நாவல்தான் பிடிக்கும்.

தோட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கவனமாக. ஆயாக் கொட்டகை, லயத்து வாசல், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது என்று அந்த ஏழு கேள்விகளில் மூன்று நான்கை நம் தாத்தா பாட்டி காலத்து வாழ்க்கை தானாகவே நிரப்பிக்கொடுத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது வீடு போனதைப் பற்றி எழுதியிருக்கிறோம், வேலை போனதைப் பற்றி எழுதியிருக்கிறோம். பிள்ளையைச் சுற்றியிருந்த அந்த இரண்டாவது வளையம் போனதைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. அதே சமயம் லயத்தைச் சொர்க்கமாக்கவும் எனக்கு மனமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழுவது பத்து வீட்டுக்கும் கேட்கும், யாரும் கதவைத் தட்டமாட்டார்கள் என்று என் பாட்டியே சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் பசியாற மட்டும் கூப்பிடுவார்களாம். காஷிரின் வீட்டுப் பாட்டி செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

அதனால்தான் அந்த மக்சிக் கதையில் இருந்தால் கனம் குறைந்துவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. சிகானோக்கின் வீங்கிய கை அந்த அறையில் இல்லாவிட்டால் தாத்தாவின் பிரம்பு வெறும் பிரம்பு. கொண்டை ஊசியை இழுத்தெடுக்கும் சின்னக் கை இல்லாவிட்டால் பாட்டி வாங்கிய அடி ஒரு தகவல். வேறு மதம், வேறு மொழி, தட்டில் என்ன வைத்தார், எந்த மூலையில் பாய் விரித்தார், அடுத்த நாள் அவன் அம்மாவும் அவரும் படிக்கட்டில் பார்த்துக்கொண்டபோது என்ன பேசினார்கள், பேசவே இல்லையா? இதை எழுதத் தெரிந்தவன் மின்விசிறியோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது. நண்பன் இதைப் படிப்பான், கோபித்துக்கொள்ளட்டும்.

கார்க்கியின் மூன்று பாகங்களும் தமிழில் இருக்கின்றன. பெரும்பாலானோர் முதல் பாகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எலிகள் மூன்றாம் பாகத்தில்தான் வருகின்றன.